மியான் மன்ஷாவை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பாகிஸ்தானின் பெரும் பணக்காரர் மியான் முகமது மன்ஷாவைப் பற்றி நீ எழுதிவரும் கட்டுரையின் முதல் பத்தியைப் படித்தேன். 2010இல் அவர் நூறு கோடி டாலர் சொத்தோடு ஃபோர்ப்ஸ் பட்டியலில் ஏறியதிலிருந்து ஆரம்பிக்கிறாய். அதைத் தூக்கிவிடு. அந்தத் தொகை பங்குச் சந்தையோடு ஏறும், இறங்கும். ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சினியோட்டிலிருந்து தொடங்கு. பஞ்சாபில் இருக்கும் அந்த ஊரிலிருந்து கிளம்பிய வணிகக் குடும்பங்கள் கல்கத்தாவில் தோல் வியாபாரம் செய்தன. பிரிவினை அவர்களைத் திரும்பவும் பஞ்சாபுக்கு அனுப்பியது. மன்ஷாவின் குடும்பம் 1951இல் லயால்பூரில், அதாவது இன்றைய ஃபைசலாபாத்தில், நிஷாத் மில்ஸ் என்ற ஜவுளி ஆலையைத் தொடங்கியது. ஆகவே ‘ஒன்றுமில்லாமல் வந்து உயர்ந்தவர்’ என்கிற உன் வரி நிற்காது. அப்பா காலத்து ஆலை இருந்தது.

அந்த ஆலை எப்படித் தப்பியது என்பதில்தான் உன் கட்டுரைக்கு உயிர் இருக்கிறது. 1968இல் பொருளாதார அறிஞர் மஹ்பூப் உல் ஹக், நாட்டின் தொழில் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களிடம் இருப்பதாகச் சொன்னார். வங்கித் துறையில் அவர்கள் பிடி இன்னும் இறுக்கம். ஊரார் போட்ட டெபாசிட் முதலாளியின் சொந்த மில்லுக்கே கடனாகப் போகிறது என்ற ஆத்திரம் பரவியிருந்த காலம் அது. ஆட்சிக்கு வந்த பூட்டோ 1972இல் இரும்பு, இரசாயனம், சிமெண்ட் முதலான துறைகளை அரசுடைமையாக்கினார்; 1974 ஜனவரி 1 அன்று வங்கிகளையும் எடுத்துக்கொண்டார். ஜவுளி ஆலைகள் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் நீ இன்று வேறு யாரையாவது பற்றித்தான் எழுதிக்கொண்டிருப்பாய்.

முஸ்லிம் கமர்ஷியல் வங்கியைப் பற்றி அவசரப்படாமல் எழுது. அது 1947இல் கல்கத்தாவில் ஆதம்ஜி குடும்பம் தொடங்கிய வங்கி. 1991இல் நவாஸ் ஷெரீஃப் அரசு அதை விற்றபோது அது பழைய குடும்பத்துக்குத் திரும்பவில்லை; மன்ஷாவும் சேர்ந்த ஒரு தொழிலதிபர் குழுவுக்குப் போனது. அடுத்த ஆண்டே அரசு கட்டிய டி.ஜி. கான் சிமெண்ட் ஆலையும் நிஷாத்திடம் வந்தது. பின்னாளில் ஆதம்ஜி இன்சூரன்ஸும் வந்தது. பலகையில் இன்றும் ஆதம்ஜி பெயர், உடைமை மன்ஷாவுடையது. இதை ஒரு நாவலாசிரியன் எழுதினால் மிகை என்போம்.

வங்கியை விற்ற விதம் பற்றிச் சர்ச்சை அன்றே கிளம்பியது. அதை மறைக்காதே; ஆனால் கையில் ஆவணம் இல்லாமல் ஒரு குற்றச்சாட்டையும் உன் வாக்கியமாக எழுதாதே. அவரைக் கொள்ளைக்காரர் என்றும் மேதை என்றும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் அவருடைய கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் படிப்பதில்லை.

நீ படி. படம் போட்ட பக்கங்களைத் தாண்டி, பின்னால் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளுக்குப் போ. நிஷாத் மில்ஸின் முதலீடுகளில் டி.ஜி. கான் சிமெண்ட் பங்குகள் இருக்கும். சிமெண்ட் கம்பெனியின் கணக்கைத் திறந்தால் அங்கே நிஷாத் மில்ஸ் பங்குகள். இரண்டிலும் வங்கிப் பங்குகள். வங்கியின் கணக்கிலோ ஆதம்ஜி இன்சூரன்ஸ் பங்குகள். ஒரு தாளில் வட்டங்கள் போட்டு அம்புக்குறியால் இணைத்துப் பார். 22 குடும்பங்கள் காலத்துக் கேள்வி வேறு உடுப்பில் நிற்பது தெரியும். தொடர்புடைய தரப்பினருடனான பரிவர்த்தனை என்ற குறிப்பை மட்டும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்து ஒப்பிடு. அலுப்பான வேலைதான்.

மலேசியாவின் மேபேங்க் 2008இல் இந்த வங்கியில் பங்கு வாங்கியது, மன்ஷாவின் லண்டன் ஹோட்டல் இதெல்லாம் ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

பேட்டி கிடைத்தால் தனியார்மயத்தை ஆதரித்து நிறையப் பேசுவார். பொறுமையாகக் குறித்துக்கொள். பிறகு, 1991இல் அரசு அந்த வங்கியை விற்காமலே இருந்திருந்தால் நிஷாத் இன்று எவ்வளவு பெரிய கம்பெனியாக இருக்கும் என்று கேள். மழுப்பினால் இன்னொரு தடவை கேள்.

அன்புடன்,
உன் அண்ணன்