ஆலமரத்தைப் பைன் மரமாக்காதீர்கள்
போடி மலைச்சரிவில் போன்சாய் வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போடிநாயக்கனூரில் கவாத்து என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பருவமழைக்கு முன் ஏலத்தோட்டத்து நிழல்மரங்களில் கிளை கழிப்பதும், தேயிலையை இடுப்புயரத்தில் நிறுத்துவதும் விடியற்காலையில் ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்களுக்குப் பழகிப்போன வேலை. தேயிலையைச் சும்மா விட்டால் முப்பது அடிக்கு மேல் மரமாக வளர்ந்துவிடும். தலைமுறை தலைமுறையாகக் கத்தி படுவதால்தான் புதராக நிற்கிறது. மரத்தை வெட்டி வெட்டியே வாழவைக்கும் கை இந்த ஊருக்கு ஏற்கெனவே உண்டு.

போன்சாய்க்கு அந்தக் கையோடு கண்ணும் வேண்டும். இந்தக் கலை சீனாவில் பிறந்து ஜப்பானில் மெருகேறியது. அதனால் புத்தகங்களில் வரும் படங்களில் பாதி பைன், ஜூனிப்பர் மரங்கள். அதைப் பார்த்து நம் ஆட்கள் ஆலங்கன்றையும் புளியங்கன்றையும் அதே அச்சில் வளைக்கப் பார்க்கிறார்கள். பனி விழும் நாட்டு மரத்தின் சாயல் வெயில் நாட்டு மரத்தில் ஒட்டாது. போடிக்காரர்களுக்கு வேறு புத்தகமே தேவையில்லை. முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் போடிமெட்டுச் சாலையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் போதும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

*செய்ய வேண்டியவை*

1. நீங்கள் இருக்கும் உயரத்துக்கு ஏற்ற மரத்தை எடுங்கள். போடி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடி சொச்சம். போடிமெட்டு சுமார் 4,500 அடி. கீழே ஆல், அரசு, இச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ எல்லாம் தைரியமாக வைக்கலாம். மேலே இருப்பவர்கள் தேயிலை, காப்பி என்று போகலாம். குளிர் பழகிய தேயிலையைப் போடி மொட்டைமாடியில் வைத்துச் சித்திரை வெயிலில் காயவிட வேண்டாம்.

2. அடிமரம் பருத்த செடியைத் தேடுங்கள். மரத்தின் உயரம் அடிமரத் தடிமனைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தால் கண்ணுக்கு வயதான மரமாகத் தெரியும். ஆலிலும் இச்சியிலும் கட்டைவிரல் கனத்துக்கு மேல் போத்து வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். விண்பதியமும் போடலாம். கன்றிலிருந்து தொடங்குவதைவிடப் பல ஆண்டுகள் மிச்சம்.

3. பழைய வீட்டுச் சுவர், கிணற்று உறை, மதகு இடுக்குகளில் முளைத்த இச்சியையும் அரசையும் விட்டுவிடாதீர்கள். எப்படியும் பிடுங்கி எறியப்படப் போகிறவை அவை. இடத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, நல்ல மழை பெய்து சுவர் ஊறிய மறுநாள் எடுங்கள். வேர் காரையோடு சேர்ந்து உரிந்து வரும். செங்கல்லைச் சுற்றிப் படர்ந்த அந்த வேர்தான் பின்னால் தொட்டியில் அழகாக நிற்கப் போகிறது.

4. மலைத்தோட்டத்தில் வயதான தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் உரிமையாளரிடம் ஒரு கட்டை கேளுங்கள். எத்தனையோ முறை கவாத்து கண்டு முடிச்சு முடிச்சாகத் திரண்ட அடிமரம் எந்த நர்சரியிலும் கிடைக்காது.

*செய்யக்கூடாதவை*

1. காட்டில் கைவைக்காதீர்கள். குரங்கணி, போடிமெட்டுச் சரிவுகளில் பாறையிடுக்கில் நிற்கும் குட்டை மரம் ஆசையைத் தூண்டும். ஆனால் காப்புக்காட்டில் செடி பெயர்ப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச்சட்டப்படி குற்றம். எல்லை தாண்டினால் கேரள வனத்துறையின் சட்டம். மேலும், பாறைக்குள் ஓடிய வேர் முழுதாக வராது. பெயர்த்த மரம் பெரும்பாலும் வீடு வந்து சேர்வதற்குள் செத்துவிடும்.

2. ஏலச்செடியைப் போன்சாய் ஆக்க முயலாதீர்கள். ஊர்ப்பாசத்தில் பலரும் கேட்கும் கேள்விதான். ஏலம் கிழங்கிலிருந்து தண்டு விடும் செடி. அதற்கு மரத்தண்டே கிடையாது. வளைக்கவும் பருக்கவும் எதுவுமில்லை.

3. பெரிய காய்க்கும் பூவுக்கும் மயங்காதீர்கள். வெட்ட வெட்ட இலை சிறுக்கும். பூவும் காயும் தங்கள் அளவிலேயே இருக்கும். ஒன்றரை அடி மரத்தில் முழுநீளப் புளியங்காய் தொங்கினால் வேடிக்கையாக இருக்குமே தவிர, மரம் மரமாகத் தெரியாது.

வடிவத்தைத் தீர்மானிக்கும்போது

*செய்ய வேண்டியவை*

1. அந்த மரம் நிலத்தில் எப்படி நிற்கும் என்று பாருங்கள். ஆல் அகலமாகக் கவியும், விழுது விடும். புளி குடைபோல் திரளும். அரசின் கிளைகள் மேல்நோக்கி விரியும். அந்தச் சாயலைத் தொட்டியில் கொண்டுவருவதுதான் வேலை. ஆலை விழுதோடு படரவிடும் 'ஆலமரப் பாணி'யை இந்தியக் கலைஞர்கள் பெரிதும் வளர்த்தெடுத்திருக்கிறார்கள். பெங்களூரு லால்பாகிலும் மைசூரு கிஷ்கிந்தா மூலிகா போன்சாய்த் தோட்டத்திலும் நம் தட்பவெப்பத்து மரங்களை நேரில் பார்க்கலாம்.

2. வேறு பாணி வேண்டுமானால் மலையைக் கேளுங்கள். சாலையோரப் பாறையைக் கவ்வி வேரை இறக்கிய இச்சி, பாறைமேல் வேர்ப் பாணி. பள்ளத்தை நோக்கிச் சரிந்து நுனி மட்டும் வெளிச்சத்துக்கு நிமிரும் மரம், அருவிப் பாணி. 7,000 அடிக்கு மேல் கொழுக்குமலைப் பக்கம் காற்றடித்துக் குறுகி, கிளைகள் ஒரே பக்கமாக ஓடும் சோலைமரம், காற்றுவீச்சுப் பாணி. ஒவ்வொன்றிலும் மரம் ஏன் அப்படி நிற்கிறது என்ற காரணம் தெரிகிறதல்லவா? அந்தக் காரணம் உங்கள் தொட்டியிலும் தெரிய வேண்டும்.

3. முன்பக்கத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மண்ணை விரலால் விலக்கி, வேர்கள் பரந்து பிடித்திருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். முதல் கிளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், தண்டின் வளைவுக்கு வெளிப்புறத்தில் இருந்தால் நன்று.

4. விழுது வேண்டுமானால் உதவி செய்யுங்கள். ஈரப்பதம் உள்ள மாதங்களில் கிளையடியில் மஞ்சள் நுனியோடு சிறு வேர் எட்டிப் பார்க்கும். உறிஞ்சுகுழல் ஒன்றை நீளவாக்கில் கீறி, உள்ளே ஈரப்பாசி வைத்து, அந்த வேரைச் சுற்றி மாட்டி, மறுமுனையை மண்ணில் ஊன்றுங்கள். வேர் குழலுக்குள்ளேயே இறங்கி மண்ணைத் தொடும். வேர் பிடித்துத் தடித்ததும் குழலை உரித்துவிடலாம். வெயில் காய்ந்தால் நுனி கருகும். பாசி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

*செய்யக்கூடாதவை*

1. ஒரே உயரத்தில் எதிரெதிராக இரண்டு தடித்த கிளைகளை விடாதீர்கள். அந்த இடம் வீங்கி, தண்டின் ஒழுக்கு கெடும்.

2. ஆலிலும் இச்சியிலும் பட்டை உரித்துப் 'பட்ட மரம்' காட்டாதீர்கள். ஜூனிப்பரில் அழகாக நிற்கும் அந்த வேலை, நம் ஈரத்தில் அத்திக்குல மரங்களில் சீக்கிரமே மக்கிவிடும்.

கம்பி கட்டும்போது

*செய்ய வேண்டியவை*

1. மென்மையான அலுமினியக் கம்பி வாங்குங்கள். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும். சுமார் 45 பாகைச் சாய்வில், இறுக்காமலும் தொளதொளக்காமலும் சுற்றுங்கள்.

2. முந்தைய நாள் தண்ணீரைக் குறையுங்கள். நீர் நிறைந்த கிளை வெடுக்கென்று முறியும். இரண்டு கட்டைவிரலையும் வளைவின் உள்பக்கத்தில் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். வளைவின் வெளிப்புறத்தில் கம்பி ஓடினால் பட்டை பிளக்காது.

3. அத்திக்குல மரங்களில் வாரம் ஒருமுறை கம்பியைப் பாருங்கள். வளரும் பருவத்தில் சில வாரங்களிலேயே கிளை பருத்துக் கம்பி பதிய ஆரம்பிக்கும். உடனே எடுத்து, தேவைப்பட்டால் வேறு இடத்தில் புதிதாகச் சுற்றுங்கள்.

*செய்யக்கூடாதவை*

1. கட்டடத்துக் கட்டுக்கம்பியால் சுற்றாதீர்கள். வளைக்கக் கடினம், துருப்பிடிக்கும், பட்டையை அறுக்கும்.

2. கம்பியைச் சுருளாகத் திருகிக் கழற்றாதீர்கள். நான்கு ரூபாய்க் கம்பியைக் காப்பாற்றப் போய் நான்கு ஆண்டுக் கிளை போகும். கட்டிங் பிளேயரால் சுற்றுக்குச் சுற்று நறுக்கி எடுங்கள்.

3. முற்றிய காகிதப்பூக் கிளையை வளைக்காதீர்கள். பட்டென்று ஒடியும். பச்சைத் தண்டாக இருக்கும்போதே வளையுங்கள். இல்லையென்றால் சீனாவின் லிங்னான் கலைஞர்கள் செய்வதுபோல் கம்பியே இல்லாமல் வெட்டி, துளிர்க்கவிட்டு, மறுபடி வெட்டித் திசை மாற்றுங்கள். புளிக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

கவாத்து செய்யும்போது

*செய்ய வேண்டியவை*

1. உச்சியைக் கடுமையாகவும் கீழ்க்கிளைகளை இரக்கமாகவும் வெட்டுங்கள். மரத்தின் பலம் எப்போதும் உச்சிக்கே ஓடும். கீழ்க்கிளை பருக்க வேண்டுமானால் அதை நீளமாக ஓடவிட்டுப் பிறகு கழியுங்கள்.

2. பால் வடியும் மரங்களில் வெட்டிய இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாலை நிறுத்துங்கள். பெரிய காயத்தில் போர்டோ பசை தடவலாம். ஏலத்துக்குப் போர்டோ கலவை அடிக்கும் வீடுகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் எப்படியும் இருக்கும்.

3. ஒரு பருவத்துக்கு ஒரு பெரிய வேலை. கிளையை வெட்டினால் வேரை விடுங்கள். வேரை வெட்டினால் கம்பியைத் தள்ளிப்போடுங்கள்.

*செய்யக்கூடாதவை*

1. நோஞ்சான் மரத்தில் இலை உருவாதீர்கள். எல்லா இலையையும் நீக்கிச் சிற்றிலை வரவழைப்பது, வெயில் மாதங்களில் திடமாக வளரும் ஆலுக்கும் இச்சிக்கும் மட்டும்.

2. கத்தியைத் துடைக்காமல் மரத்துக்கு மரம் கொண்டுபோகாதீர்கள். நோய் கத்தியோடு நடக்கும்.

தொட்டி, மண், வேர்

*செய்ய வேண்டியவை*

1. தண்ணீர் நிற்காத மண் கலவை வேண்டும். காளவாசலில் உடைந்து கிடக்கும் நன்றாக வெந்த செங்கல்லை நொறுக்கி, சல்லடையில் சலித்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் சில்லுகளை மட்டும் எடுங்கள். அதோடு பெருமணலும் மக்கிய இலையுரமும் சேருங்கள். தூளை வீசிவிடுங்கள், மண்ணை அடைப்பது அதுதான்.

2. தொட்டியின் ஆழம் அடிமரத்தின் தடிமன் அளவு, நீளம் மரத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நல்ல கணக்கு. மரத்தைத் தொட்டித் துளை வழியாகக் கம்பி கொடுத்துக் கட்டுங்கள். மரம் ஆடினால் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும்.

3. மாற்று நடவைக் கீழே மாசி, பங்குனியில், துளிர் விடும் முன் வையுங்கள். மேலே கோடைமழை தொடங்கியதும் செய்யலாம்.

*செய்யக்கூடாதவை*

1. தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில் மேலே வேர் வெட்டாதீர்கள். ஈரத்தில் காயம் அழுகும்.

2. கரிசலையோ வெறும் செம்மண்ணையோ ஆழமில்லாத தொட்டியில் நிரப்பாதீர்கள். நீர்விட்டால் சேறு, காய்ந்தால் ஓடு.

3. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேரைக் கழிக்காதீர்கள்.

வெயில், காற்று, நீர், உணவு

*செய்ய வேண்டியவை*

1. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது போடிக்குப் பழமொழி மட்டுமில்லை. மேலே சாரல் பெய்யும் அந்த மாதங்களில் மழைமறைவான கீழ்ச்சரிவில் வறண்ட காற்றுதான் வீசும். தொட்டிகளைச் சுவர் ஓரமாக இறக்குங்கள். காற்று ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் வெயில் குறைந்த நாளிலும் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள்.

2. தண்ணீர் ஊற்றினால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காலை மாலை இருவேளையும் தேவைப்படலாம். பிற்பகலில் நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

3. ஊறவைத்துத் தெளியவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை நீர்க்க விளாவி, வளரும் மாதங்களில் கொடுங்கள். பட்டினி போட்டுத்தான் மரம் குட்டையாகிறது என்பது வெறும் பேச்சு. குட்டையாக வைப்பது கத்தரி.

*செய்யக்கூடாதவை*

1. ஏலத்துக்கு அடிக்கும் மருந்தை அதே அளவில் போன்சாய்க்கு அடிக்காதீர்கள். வீட்டு முற்றத்தில் குழந்தைகள் இருப்பார்கள். இச்சி இலை மடிந்து உள்ளே கறுப்பாக இலைப்பேன் ஓடினால், அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

2. வரவேற்பறை மேசையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். விருந்தாளி வரும் நாளில் உள்ளே, மறுநாள் வெளியே.

3. குறிப்பெழுதாமல் இருக்காதீர்கள். 1976-இல் ஜப்பானின் யாமாகி குடும்பம் அமெரிக்காவுக்கு ஒரு வெண்பைன் போன்சாயை அன்பளிப்பாகக் கொடுத்தது. 1625 முதல் வளர்ந்துவரும் மரம் அது. 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்த ஊரிலேயே இருந்து தப்பியது என்ற செய்தி, அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைகள் 2001-இல் வாஷிங்டன் சென்று சொன்ன பிறகுதான் அங்கே தெரிந்தது. உங்கள் இச்சி எந்தச் சுவரிலிருந்து வந்தது, எப்போது மண் மாற்றினீர்கள், எந்தக் கிளையை எதற்காக விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மரம் உங்களைவிட அதிக நாள் இருக்கும். அடுத்துக் கத்தரி பிடிப்பவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் வெட்டுவார்.