நாமா, நாங்களா?

இந்த மாதப் பாடத்தை ஒரு சின்ன இலக்கணத்திலிருந்து தொடங்குவோம். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. இது பள்ளியில் படித்ததுதான். "நாம தண்ணீர்மலைக்குப் போவோம்" என்று கூட்டாளி சொன்னால் நீங்க கிளம்பலாம். "நாங்க போறோம்" என்று சொன்னால் உங்களை யாரும் கூப்பிடவில்லை! மலாயிலும் 'கித்தா', 'காமி' என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' ஒன்றுதான்.

மலாய்க்கு உறவான மொழி தகாலோக், பிலிப்பீன்ஸ்காரர்கள் பேசுவது. அதிலும் 'தாயோ', 'காமி' என்று இரண்டு சொல். அந்த நாட்டு உளவியல் பேராசிரியர் விர்ஜிலியோ என்ரிக்கெஸ் அமெரிக்காவில் படித்துவிட்டு 1971-இல் ஊர் திரும்பினார். அங்கே கற்றுக்கொண்ட உளவியல் தன் மக்களுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று கண்டு, தகாலோக் சொற்களை வைத்தே மனித மனத்தை ஆராயத் தொடங்கினார். அவர் முக்கியமாக எடுத்துக்கொண்ட சொல் 'கப்வா'. ஆங்கிலத்தில் இதை 'மற்றவர்' என்று மொழிபெயர்ப்பார்கள். அது போதாது என்றார் அவர். மற்றவர் என்று சொல்லும்போதே நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று ஆகிவிடுகிறது. கப்வாவில் நானும் நீயும் சேர்ந்தே இருக்கிறோம். முன்பின் தெரியாதவரும் கப்வாதான், நெருங்கியவரும் கப்வாதான்.

அவர் ஏன் சொந்தச் சொல்லைத் தேடினார் என்பதற்கு வரலாறு இருக்கு. நாட்டின் பெயரே ஸ்பெயின் அரசர் பிலிப்பின் பெயர். 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா ஒரு ஆணை போட்டு, ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களைக் கொடுக்க வைத்தார். ஸ்பானிய ரத்தம் துளிகூட இல்லாத பலருக்கு இன்றும் ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பது அதனால்தான்.

இப்போ உங்க ஐசியை எடுத்துப் பாருங்க. உங்க பெயர், அடுத்து 'அனாக் லெலாக்கி' அல்லது 'அனாக் பெரெம்புவான்', அதன் பிறகு அப்பா பெயர். வெளிநாட்டுப் பாரத்தில் 'சர்நேம்' கேட்டால் நமக்குக் குழப்பம். அப்பா பெயரைப் போட்டுவிடுகிறோம், விமான நிலையத்தில் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள்! நம்ம பெயர் முறையில் தலைமுறை தலைமுறையாக ஓடும் ஒரே குடும்பப் பெயர் கிடையாது. நீங்க ஒருத்தர், இன்னாருடைய பிள்ளை, அவ்வளவுதான். தனி ஆளும் இருக்கார், உறவும் இருக்கு.

மேற்கத்திய சிந்தனையில் 'நான்' எங்கே நிற்கிறது? பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட் 1637-இல் வெளியிட்ட நூலில் எல்லாவற்றையும் சந்தேகித்துப் பார்த்தார். கடைசியில் சிந்திக்கிற 'நான்' மட்டும்தான் சந்தேகமில்லாமல் மிஞ்சியது. அப்பா, அம்மா, ஊர் எல்லாம் பிறகு. 1991-இல் மார்க்கஸ், கித்தாயாமா என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த வேறுபாட்டை எழுதினார்கள்: அமெரிக்கர்களிடம் தனித்து நிற்கும் 'நான்', ஜப்பான் போன்ற நாடுகளில் பிறரோடு பின்னிய 'நான்'.

இதைக் கேட்டதும் "கிழக்கு நல்லது, மேற்கு சுயநலம்" என்று கைதட்டிவிடக் கூடாது. நம்ம சைவ சித்தாந்தம் அவ்வளவு எளிதாக விடாது. மெய்கண்டார் வழியில், உயிர் சார்ந்ததன் வண்ணமாகும். பக்கத்தில் வைத்த பொருளின் நிறத்தைப் படிகம் காட்டுவது மாதிரி. அதனால் யாரோடு சேர்கிறோம் என்பது முக்கியம். அதே சித்தாந்தம் உயிர்கள் பல என்கிறது, ஒவ்வொன்றுக்கும் அதனதன் வினை என்கிறது. அப்பாவின் வினையை மகன் சுமக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பாருங்க. அம்மாவின் உடம்புக்காக நேர்ந்துகொண்டு காவடி எடுப்பவர் உண்டு. குடும்பமே சுற்றி நின்று "வேல் வேல்" என்கிறது, தண்ணீர் கொடுக்கிறது. ஆனா படி ஏறுவது அவர் கால்தான்.

இந்த இரண்டில் ஒன்றை மறந்தால்தான் வீட்டில் பிரச்சினை. எஸ்பிஎம் முடிந்ததும் "நாம முடிவு பண்ணிட்டோம், நீ இந்தப் படிப்புதான் படிக்கணும்" என்கிறார்கள். பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இலக்கணப்படி அது 'நாம' இல்லை, 'நாங்க'. இன்னும் மோசமானது, வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "வெளியே சொல்லாதே, குடும்ப மானம் போயிடும்" என்பது. வலி அவளுக்கு மட்டும், மானம் எல்லாருக்குமா? இதைக் கிழக்கத்தியப் பண்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்படிப்பட்ட நிலையில் இருப்பவர் நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கட்டாயம் சொல்லணும்.

இதற்கு மறுபக்கமும் இந்த ஊரிலேயே இருக்கு. ரதம் போகும் வழியில் சீனர்களும் தேங்காய் உடைக்கிறார்கள். தண்ணீர் பந்தலில் யார் கை நீட்டினாலும் மோர் கிடைக்கும், "நீ யாரு?" என்று கேட்பதில்லை. என்ரிக்கெஸ் சொன்ன கப்வாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனா பந்தலைப் பிரித்த மறுநாளே கல்யாணப் பேச்சில் "நம்ம ஆளுங்களா?" என்று சாதியைக் கேட்பவர்களும் நம்மிடையேதான் இருக்கிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. ஒரு வாரம் வீட்டில் 'நம்ம', 'எங்க' என்ற சொற்கள் வரும்போதெல்லாம் குறித்து வைங்க: யார் சொன்னது, அப்போது யார் உள்ளே, யார் வெளியே. பாட்டி பேசுவதை விட்டுடாதீங்க. வீட்டில் யார் யாரெல்லாம் 'நம்ம' என்பது அவங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.