எண்ணும் உடைமையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், உத்தனப்பள்ளி என்னும் ஊர் உளது. கருநாடக எல்லை அண்மையில் இருத்தலின், அப்பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. அவ்வூர் உழவர் தம் நிலத்துக்குச் சான்றாகக் காட்டுவது பட்டா. அதில் சர்வே எண் எனப்படும் புல எண் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண் அவ்வூர்க் கணக்கில் மட்டுமே பொருள் உடையது. எல்லை கடந்து, நிலக்கணக்கைப் பஹணி என்னும் ஏட்டில் எழுதும் கருநாடகத்து ஊரொன்றில் அதே எண்ணைச் சொன்னால், அது வேறொருவர் நிலத்தைச் சுட்டும். கணிப்பொறியில் கோப்புகளின் உடைமை காக்கப்படும் முறையும் இத்தகையதே.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர்கள் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். ஒரே பொறியைப் பலர் பயன்படுத்திய காலம் அது. ஆதலின், ஒருவர் கோப்பை மற்றொருவர் சிதைக்காவண்ணம் காத்தல் இன்றியமையாததாயிற்று. அம்முறையைப் பின்பற்றி எழுந்தவை பல. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, ஆப்பிள் கணிப்பொறிகளில் உள்ள மேக்ஓஎஸ் ஆகியன அவற்றுட் சில. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தார் வெளியிட்ட பாஸ் என்பதும் லினக்ஸ் வகையைச் சார்ந்ததே.

இவ்வியங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் ஒருவரும், குழு ஒன்றும் உண்டு. அவ்விரண்டிலும் சேராதார் ஏனையோர். இம்மூவகையினர்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் தனித்தனியே வழங்கப்படும். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்பது கணக்கு. ஒரு கோப்பின் உரிமை 640 எனின், உடையவர் படிக்கவும் எழுதவும் செய்யலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். ஏனையோர்க்கு உரிமை யாதும் இல்லை.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. வட்டில் கோப்போடு எழுதப்படுவது உடையவரின் பெயர் அன்று; அவருக்குரிய எண்ணே. இன்ன எண் இன்னாருடையது என்னும் பதிவேடு அந்தந்தப் பொறியில் தனியே இருக்கும். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் முதற் பயனருக்கு 1000 என்னும் எண் வழங்கப்படுகிறது. மேக்ஓஎஸ்ஸிலோ அது 501.

ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் மாணவர் மதிப்பெண்களைத் தம் பொறியில் 640 என்னும் உரிமையோடு எழுதிவைத்தார் என்று கொள்வோம். அவர் எண் 1000. லினக்ஸ் முறையில் அமைந்த அவ்வட்டைக் கழற்றி வேறொரு லினக்ஸ் பொறியில் இணைத்தால், அங்கு 1000 என்னும் எண்ணை உடைய மாணவனே அக்கோப்புக்கு உடையவன் ஆகிவிடுவான்! அவன் மதிப்பெண்ணைத் திருத்தினாலும் பொறி தடுக்காது. பூட்டை உடைத்தவர் எவரும் இலர். பெயர் பின்தங்க, எண் மட்டும் பயணம் செய்ததே காரணம்.

வழக்கங்களும் இடத்துக்கு இடம் வேறுபடும். ஃப்ரீபிஎஸ்டியில் புதிய கோப்பு, தான் பிறந்த அடைவின் குழுவைச் சேரும். லினக்ஸில், அடைவுக்குத் தனிக்குறி இடாவிடின், படைத்தவரின் குழுவைச் சேரும். பழைய சிஸ்டம் ஃபைவ் யுனிக்ஸில் ஒருவர் தம் கோப்பைப் பிறருக்கு உடைமையாக்கிவிட இயன்றது. லினக்ஸிலும் பிஎஸ்டி வகைகளிலும் ரூட் எனப்படும் தலைமைப் பயனரே அதனைச் செய்யலாம். இல்லையேல் ஒருவர் தமக்கு வரையறுத்த இட அளவைக் கடந்து, அச்சுமையைப் பிறர் கணக்கில் ஏற்றிவிடக்கூடும் அன்றோ?

இடர் நேர்ந்தபோது சிலர் எல்லோர்க்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்பதை இட்டு அமைகின்றனர். அது வேலி பழுதாயிற்றென்று வேலியையே பிடுங்கி எறிதல் போலாம். ஒருவருக்கு எல்லாப் பொறிகளிலும் ஒரே எண்ணை வழங்குதலும், பொறிகள் பல உள்ள இடத்தில் பொதுப் பதிவேடு ஒன்றை வைத்தலும், கோப்பு வந்து சேர்ந்தபின் தலைமைப் பயனர் உடையவரைச் சரிபார்த்து மாற்றுதலும் தக்க வழிகளாம்.

இவ்வளவும் செய்யினும் ஓர் எல்லை உண்டு. உரிமையைக் காப்பது கோப்பு அன்று. பொறியை ஆளும் இயங்குதளமே. வட்டைக் கவர்ந்து சென்றவன் தன் பொறியில் தானே தலைமைப் பயனன் ஆதலால், அவனை 640 தடுக்காது. அத்தகைய இடத்தில் கோப்பை மறைக்குறியாக்கி வைத்தலே காப்பாகும். பட்டா நிலத்தைக் காப்பதும், அதனை மதிக்கும் அலுவலகம் உள்ளவரையே. ஆதலின், உடைமையை எல்லை கடந்து கொண்டுசெல்வோர், அங்குள்ள கணக்கில் தம் எண் எவரைக் குறிக்கிறது என்பதை முதற்கண் வினவி அறிதல் வேண்டும்.