மலைக்குப் போகும் நாளிலும் நீர்க்குளிசை

உடப்புசல்லாவைத் தோட்டங்களில் பிரசருக்கும் இதய நோய்க்கும் கால் வீக்கத்துக்கும் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு ‘மூத்திரம் போற குளிசை’யும் உண்டு. கொழுந்தெடுக்கும் மலைகள் பலவற்றில் கழிப்பறை இல்லை. அதனால் வேலைநாளில் குளிசையை விட்டுவிடத் தோன்றும். விட்டால் நீர் மறுபடி உடம்பில் சேரும், பிரசர் ஏறும்.

சிறுநீரகம் வடிகட்டும் உப்பில் பெரும்பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். அதைத்தான் இக்குளிசை தடுக்கிறது. உப்பு வெளியேறும்போது தண்ணீரும் கூடவே போகிறது. இக்குளிசைகளில் ஒன்றான ஃபுருசமைட் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஏறத்தாழ 6 மணித்தியாலத்தில் ஓயும்.

செய்ய வேண்டியவை

- “காலையில் பெரட்டு, பின்னேரம்தான் வீடு” என்று டொக்டரிடம் சொல்லுங்கள். குளிசை போடும் நேரத்தை அவர் மாற்றித் தரக்கூடும்.
- தினமும் காலையில், சாப்பிடுமுன், ஒரே தராசில் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்.
- சொன்ன தேதியில் இரத்தம் சோதியுங்கள். பொட்டாசியமும் சோடியமும் குறையலாம். யூரிக் அமிலமும் சீனியும் கூடலாம்.
- எழும்பும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்து எழும்புங்கள். தலைசுற்றி விழுவது இப்படித்தான் குறையும்.
- வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் அன்றைய குளிசையைப் போடலாமா என்று உடனே கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

- கூடை சுமந்த முதுகுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம் கெடும், நீர்க்குளிசையின் பலனும் குறையும்.
- கருவாடு, ஊறுகாய், ரொட்டி மாவு என்று உப்பைக் கூட்டாதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும்.
- ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர்க்குளிசை போடுபவர்கள் கேட்காமல் இளநீரும் வாழைப்பழமும் அதிகம் எடுக்காதீர்கள். அந்தக் குளிசை பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும்.
- இருமல் கசாயத்தில் அதிமதுரம் சேர்க்காதீர்கள். அது பொட்டாசியத்தைக் குறைத்துப் பிரசரை ஏற்றும்.
- பக்கத்துக் காம்பராவில் ஒருவருக்குக் கால் வீங்கினால் உங்கள் குளிசையைக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கவே கூடாது.

உடனே ஆஸ்பத்திரிக்கு

நெஞ்சு படபடப்பு, கைகால் சோர்ந்து போதல், மயக்கம், பேச்சுத் தடுமாற்றம், படுத்தால் மூச்சுமுட்டல், திடீரென்று காது இரைதல், மூத்திரம் நன்றாகக் குறைதல்.

குளிசையை நேரத்துக்குப் போடுவது நோயாளியின் பொறுப்பு. மலைக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கழிப்பறை கட்டிக்கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அதைச் சங்கக் கூட்டங்களில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.