படைவீரர் குடும்பங்களும் மகளிர் மருத்துவமும்

படைவீரரின் மனைவிக்கு இராணுவ மருத்துவமனையில் இலவச சிகிச்சை பெறும் உரிமை உண்டு. ஆயின் அவ்வுரிமை பயன்பட, மருத்துவமனை எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். கணவர் சியாச்சின் போன்ற களப்பகுதிக்கு அனுப்பப்படும்போது குடும்பம் உடன் செல்ல இயலாது. இத்தகைய குடும்பங்களுக்கெனப் படைநிலையங்கள் சிலவற்றில் குடியிருப்புகள் இருப்பினும், சொந்த ஊருக்குத் திரும்புவோரும் பலர்.

உத்தரகண்டின் மலைப்பகுதி தலைமுறைகளாகப் படைக்கு ஆள் அளித்து வருவது. கட்வால் படைப்பிரிவின் மையம் லான்ஸ்டௌனிலும், குமாவூன் படைப்பிரிவின் மையம் ராணிகேத்திலும் உள்ளன. மலையின் உட்கிராமத்துக் கர்ப்பிணிக்கு, வரைபடத்தில் அருகே தோன்றும் ஊரும் பல மணி நேரப் பயணமாகும். மழைக்காலத்து நிலச்சரிவில் அப்பாதையும் அடைபடும். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் நாடெங்கும் நானூற்றுக்கு மேற்பட்ட மருத்துவ நிலையங்களைக் கண்டுள்ளது. போர் விதவையர் அதற்குச் சந்தா செலுத்த வேண்டுவதில்லை. எனினும் அது ஓய்வு பெற்றோருக்காக எழுந்த அமைப்பு. பணியிலுள்ள வீரரின் இளம் மனைவியை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதன்று.

ஆகவே அவளுக்கு நடைமுறையில் துணை நிற்பவை 2005இல் உருவான ஆஷா பணியாளர் முறையும், 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் நடைபெறும் கர்ப்பிணிப் பரிசோதனையுமே. 2021இல் முப்படைக் குடும்பங்களுக்கெனத் தொடங்கப்பட்ட சேஹத் தொலைமருத்துவம் ஆலோசனை தரும். ஆனால் இரத்த அழுத்தத்தை அளக்கவும், இரத்தசோகையைக் கண்டறியவும் ஒருவர் நேரில் வேண்டும்.

பராமரிப்பு அறுபடுவதே பெருங்குறை. முதல் மாதங்களின் பரிசோதனை படைநிலையத்திலும், பிரசவம் மாமியார் ஊரிலும் நிகழும்போது, முந்தைய குறிப்பு புதிய மருத்துவரை எட்டுவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையில் இது மேலும் தெளிவாகிறது. 2016ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரையுள்ள மகளிருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை அச்சோதனையை வகுக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் இடம்மாறும் குடும்பத்துப் பெண்ணை, அடுத்த சோதனைக்கு அழைக்க வேண்டிய மருத்துவமனை அப்போது அறிந்திராது.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. தாய்-சேய் பாதுகாப்பு அட்டையை இராணுவ மருத்துவமனையும் நிரப்புதல் வேண்டும். குடும்பம் ஊர் திரும்பும் செய்தியை, பெண்ணின் இசைவுடன், படைப்பிரிவு மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அவ்வலுவலகம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரிவித்தல் வேண்டும். இசைவு என்பது ஈண்டு வெறும் சொல்லன்று. தன் மருத்துவக் குறிப்புகள் கணவரின் மேலதிகாரியிடம் செல்லும் என்ற ஐயமே சில பெண்களை மருத்துவரிடமிருந்து விலக்கிவிடக்கூடும். படைப்பிரிவு அனுப்ப வேண்டியது முகவரியும் கர்ப்பிணி என்ற குறிப்பும் மட்டுமே. நோய்க்குறிப்பு அவள் கையிலுள்ள அட்டையிலேயே இருக்கட்டும்.