வங்காள விரிகுடாச் சூறாவளிகள்: காரணங்களும் படிப்பினைகளும்



சூறாவளி பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது பலர் ஆண்டையும் இறந்தோர் தொகையையும் மட்டும் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகின்றனர். அது உங்கள் ஞாபகசக்தியைக் காட்டும், விளக்கத்தைக் காட்டாது. கீழுள்ள ஒவ்வொரு நிகழ்வையும் வாசிக்கும்போது "ஏன் இத்தனை பேர் இறந்தனர்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புள்ளிகள் அந்த விடையிலேயே உள்ளன.

1. சூறாவளி உருவாகும் விதம்

அயன வலயச் சமுத்திரங்களின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 27 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேல் வெப்பமடையும்போது பெருமளவு நீர் ஆவியாகிறது. ஈரப்பதன் மிக்க வளி மேலெழுந்து ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிவிடப்படுகிறது. சூறாவளிக்குச் சக்தி அளிப்பது இவ்வெப்பமே. கடல் மேற்பரப்பில் தாழமுக்கம் ஏற்பட, சுற்றியுள்ள வளி மையத்தை நோக்கி விரைகிறது. புவிச்சுழற்சி காரணமாக வட அரைக்கோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுழல்கிறது. மத்திய கோட்டுக்கு மிக அண்மையில் இவ்விளைவு குறைவாதலால் அங்கு சூறாவளிகள் பொதுவாக உருவாவதில்லை.

மையத்திலுள்ள அமைதியான பகுதி "கண்" எனப்படும். கண் கடக்கும்போது காற்று ஓய்ந்து வானம் தெளியலாம். புயல் முடிந்துவிட்டது என எண்ணி வெளியே செல்வது உயிராபத்தானது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வேகமாக வீசும்.

வங்காள விரிகுடாவில் ஏப்ரல் - மே, ஒக்டோபர் - டிசெம்பர் ஆகிய இரு காலங்களில் சூறாவளிகள் கூடுதலாக ஏற்படுகின்றன.

2. முக்கிய நிகழ்வுகள்

1964 டிசெம்பர்: இலங்கையின் வடபகுதியைக் கடந்த சூறாவளி 22ஆம் திகதி இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் பொங்கி எழுந்து ஊரை அழித்தது. பயணிகளுடன் வந்த புகையிரதம் அலையில் அகப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தலைமன்னார் - தனுஷ்கோடி கப்பற்சேவையும் இத்துடன் நின்றது.

1970 நவம்பர் 12: அக்காலக் கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய "போலா" சூறாவளியில் 3 முதல் 5 இலட்சம் வரையானோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. பதிவிலுள்ள அயனச் சூறாவளிகளில் மிகக் கூடிய உயிரிழப்பு இதுவாகும். நிவாரணப் பணி தாமதமானதால் எழுந்த அதிருப்தி, 1971இல் பங்களாதேஷ் உருவாக வழிவகுத்த காரணிகளுள் ஒன்று.

1978 நவம்பர் 23: மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் 900க்கு மேற்பட்டோர் இறந்தனர். வீடுகள், நெற்களஞ்சியங்கள், மீன்பிடி வள்ளங்கள் என்பன அழிந்தன. தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி சாய்ந்தது. புதிய தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே ஓர் இரவின் அழிவு பல ஆண்டு வருமானத்தைப் பறித்தது.

2008 மே 2: "நர்கிஸ்" சூறாவளி மியன்மாரின் ஐராவதி கழிமுகத்தைத் தாக்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 138,000 பேர்.

2025 நவம்பர் இறுதி: "டித்வா" சூறாவளியால் இலங்கையில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். வெள்ளமும் மலையகத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளுமே பெரும் இழப்புக்குக் காரணம். கரையோரத்துக்கு மட்டுமே ஆபத்து என எழுதுவது தவறு என்பதற்கு இது தக்க உதாரணம்.

3. ஏன் இத்தனை இழப்பு?

போலாவில் மக்களைக் கொன்றது பெரும்பாலும் காற்றன்று, கடற்பெருக்கே. காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளுகிறது. விரிகுடாவின் வடபகுதி ஆழம் குறைந்தது. புனல் போல ஒடுங்கியது. எனவே நீர் பரவ இடமின்றி உயர்கிறது. 1970இல் இது வற்றுப்பெருக்கின் உயர்மட்டத்துடன் சேர்ந்துகொண்டது. இரவு நேரம், தாழ்நிலத் தீவுகள், உறுதியற்ற குடிசைகள் என்பனவும் சேர்ந்தன. எச்சரிக்கை மக்களைச் சரிவரச் சென்றடையவில்லை.

இதன்பின் பங்களாதேஷில் தொண்டர்கள் பயிற்றப்பட்டனர்; ஒலிபெருக்கியோடு கிராமம் கிராமமாகச் சென்று எச்சரித்தனர். தூண்கள்மீது உயர்த்திய பாதுகாப்புக் கட்டடங்களும் அமைக்கப்பட்டன. 2007 நவம்பரில் போலாவிலும் பார்க்க வேகம் கூடிய "சிட்ர்" சூறாவளி அந்நாட்டைத் தாக்கியபோது இறந்தோர் தொகை ஆயிரக்கணக்கில் இருந்தது, இலட்சக்கணக்கில் செல்லவில்லை.

4. மாதிரி வினா

"இயற்கை இடர் எப்போதும் பேரனர்த்தமாக மாறவேண்டியதில்லை." உதாரணங்களுடன் விளக்குக.

விடைக் குறிப்பு: இடரும் அனர்த்தமும் வேறு என முதலில் வரையறுக்க. 1970, 2007 ஆகிய இரு நிகழ்வுகளையும் ஒப்பிடுக. முன்னெச்சரிக்கை, புகலிடம், வெளியேற்றம் ஆகிய மூன்றையும் தனித்தனியே விளக்குக. எச்சரிக்கை வெளியிடப்படுவது மட்டும் போதாது. அது உரியவரைச் சென்றடையவும் அவர் போவதற்கு ஓர் இடம் இருக்கவும் வேண்டும் என்று முடிக்க.

5. பயிற்சி

(அ) கண் கடக்கும் நேரம் ஏன் ஆபத்தானது?
(ஆ) நிலத்தை அடைந்த சூறாவளி வலுவிழப்பது ஏன்?
(இ) உங்கள் கிராமத்தின் வரைபடம் வரைந்து, சூறாவளியின்போது ஒதுங்கத்தக்க உறுதியான உயர்ந்த கட்டடத்தையும் அதற்குச் செல்லும் வழியையும் குறிக்க. வரைந்ததை வீட்டாருக்கும் காட்டுக. பரீட்சை முடிந்த பின்னரும் அது உதவும்.