பழைய தழும்பும் புதிய கல்லும்

திருவாரூர் மாவட்டத்து நன்னிலம் வட்டாரத்தில் வயதில் மூத்தவர்கள் சிலரின் விலாவில் ஒரு சாண் நீளத் தழும்பு உண்டு. கிட்னிக் கல்லை அறுத்து எடுத்த அடையாளம் அது. சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறை 1976இல் ஸ்டாக்ஹோமிலும், வெளியிலிருந்தே அதிர்வலையால் கல்லை உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கிலும் தொடங்கின. அவை இங்கே பரவும்வரை வேறு வழி இருக்கவில்லை. வெயிலில் நடவும் அறுப்புமாக, தண்ணீர் குடிக்காமலே பகல் கழியும் ஊரில் கல் மறுபடி வருவது அதிசயமில்லை. வந்தால் இரண்டு அறிவுரை காதில் விழும். ‘ஒருமுறை கிழித்த இடம், திரும்பவும் கிழிக்கத்தான் வேண்டும்’ என்பது ஒன்று. ‘லேசர் என்றால் கவலையே இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டும் தழும்பைப் பார்த்து முடிவு சொல்கின்றன. முறையைத் தீர்மானிக்க வேண்டியது கல்லின் அளவு, இடம், கடினத்தன்மை. தழும்பு சொல்வதெல்லாம் எவ்வளவு தயாராகப் போக வேண்டும் என்பதைத்தான்.

கல் 2 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பதே முதல் தேர்வு. ‘உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கும், ரத்தம் கொட்டாதா?’ என்ற பயம் நியாயமானது. இறுகிய தசையில் துளையை விரிப்பது சிரமம்தான். அதற்காகவே உலோக விரிப்பான்கள் இருக்கின்றன. ஒட்டிப்போன கிட்னி மூச்சுக்கேற்ப அதிகம் நகராது என்பது சின்ன அனுகூலம். முன்பு அறுவை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளில், கல் முழுதும் நீங்கிய விகிதத்திலோ ரத்தப்போக்கிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலவற்றில் நேரம் மட்டும் கூடியது. கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு: பழைய அறுவைக்குப் பின் பெருங்குடல் கிட்னியின் பின்புறம் நகர்ந்திருக்கலாம். சிடி ஸ்கேனில் அது தெரிந்துவிடும். ஸ்கேன் பார்க்காமல் துளையிடச் சம்மதிக்க வேண்டாம்.

சிறுநீர்ப் பாதை வழியே குழாய் செலுத்தி லேசரால் உடைக்கும் முறை தழும்பைத் தொடுவதே இல்லை. 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த கல்லுக்கு அது நல்ல வழி. அப்படியானால் எல்லாக் கல்லுக்கும் அதையே செய்யலாமே? பெரிய கல்லை ஒரே தடவையில் முடிக்க முடியாமல் இரண்டு, மூன்று முறை வர நேரலாம். நேரம் நீண்டால் கிருமித் தொற்றும் கூடும். நன்னிலத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஒவ்வொரு முறையும் போய்வரும் கூலித் தொழிலாளிக்குத் ‘தழும்பில்லாத’ முறை மலிவானதல்ல. அதிர்வலை இன்னும் எளிதாகத் தோன்றும். ஆனால் இயந்திரம் உடைக்கத்தான் செய்யும், துகளை வெளியே தள்ள வேண்டியது கிட்னி. பழைய அறுவையால் உள்வழி குறுகியிருந்தால் துகள் தங்கிவிடும். கிட்னியின் கீழ் அறையிலுள்ள கல்லுக்கும் மிகக் கடினமான கல்லுக்கும் அதிர்வலையின் பலன் குறைவு. வாழைத்தண்டுச் சாறு குடிப்பதில் தவறில்லை. 2 சென்டிமீட்டர் கல் அதில் கரையாது.

பரிசோதனைக்குத் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். பழைய டிஸ்சார்ஜ் தாள் பரணில் கிடந்தாலும் தேடி எடுத்துப்போக வேண்டும். கல்லை மட்டும் எடுத்தார்களா, கிட்னியும் சிறுநீர்க்குழாயும் சேரும் இணைப்பைச் சரிசெய்தார்களா, கிட்னியின் ஒரு பகுதியையே நீக்கினார்களா என்பதைப் பொறுத்து வழி மாறலாம்; அதை வெறும் தழும்பு சொல்லாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்த முறைக்கு அனுமதி என்பதை முன்கூட்டியே கேட்பது நல்லது. சிறுநீரில் கிருமி இருந்தால் முதலில் அதற்கு மருந்து. கல் அடைத்துக் குளிர் காய்ச்சலும் வந்தால் கல்லை மறந்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; அப்போது முதலில் சிறுநீரை வடித்துவிடுவார்கள், கல் பிறகுதான். எந்த முறையானாலும் உள்ளே ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் வைத்தால் அதை எடுக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளவும். வலி நின்றதும் சம்பா வேலையில் மறந்துபோனால், அந்தக் குழாய் மேலேயே கல் படியும்.